கடவுளும் தீமையும்: படிப்பு வட்டத்தில் இவ்வினாவைக் கலந்துரையாடும் முறை

எல்லாம் வல்லவரும் முழுமையாக நல்லவருமான ஒருவர் இவ்வுலகைப் படைத்திருந்தால் இதில் தீமை ஏன் இருக்கிறது என்ற வினாவை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு படிப்பு வட்டத்தில் எடுத்துக்கொள்ள விரும்புவோருக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. கொழும்பில் அத்தகைய வட்டத்தில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒன்றாக அமரக்கூடும் என்பதால், ஐரோப்பிய மெய்யியல் பாடநூலின் ஒழுங்கை அப்படியே பின்பற்றினால், வந்தவர்களிற் பலர் இது தமக்குரிய வினா அன்று என ஒதுங்கிவிடுவார்கள்.

ஆகவே புறநானூற்றின் 194ஆம் பாடலோடு தொடங்குங்கள். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிப்பதைச் சொல்லும் பக்குடுக்கை நன்கணியார், ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்’ என்று படைத்தவன் மீதே குற்றம் சாட்டுகிறார். இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகை இயற்றியவனும் அலைந்து கெடட்டும் என்று சபிக்கும் 1062ஆம் குறளையும் உடன் வாசித்தால், வினாவின் கூர்மை முதற் பத்து நிமிடங்களிலேயே புலப்பட்டுவிடும்.

பின்னர் நான்கு கூற்றுகளைப் பலகையில் எழுதுங்கள்: கடவுள் உலகைப் படைத்தார், அவரால் இயலாதது எதுவுமில்லை, அவர் முழுமையாக நல்லவர், தீமை உண்மையாகவே இருக்கிறது. இவ்வினாவுக்குச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் இந்நான்கில் ஒன்றைக் கைவிடுகின்றன, அல்லது அதன் பொருளைத் திருத்துகின்றன. எந்தக் கூற்று திருத்தப்படுகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்று விடாமல் கேட்பதே நடத்துபவரின் பணி. எந்தச் சமயம் சரியானது என்று தீர்ப்பளிப்பது அவருடைய பணியன்று. பௌத்தர் ஒருவர் வந்திருந்தால், படைப்புக் கடவுளையே ஏற்காத அவருக்கு இவ்வினா இந்த வடிவில் எழுவதில்லை என்பதைச் சொல்லி, அவரை மற்றவர்களின் விடைகளைச் சோதிப்பவராக அமர்த்தலாம்.

தீமையைப் பொதுப்படப் பேசவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26, ஒரு போயா நாளில், ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரைக் கொன்றது. அதில் எந்த மனிதருடைய எண்ணமும் இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்பட மூன்று ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத்தாக்குதல்களில் 250க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அது முழுவதும் மனிதர் திட்டமிட்டுச் செய்தது. இவ்விரு நாட்களில் உறவினரை இழந்தவர் எவரேனும் வரவிருக்கிறாரா என்பதை முன்னதாகவே விசாரித்து, இருப்பின் உதாரணத்தைத் தெரிவுசெய்யும் உரிமையை அவரிடமே விட்டுவிடுங்கள். 2019ஐப் பற்றிய பேச்சு கடவுளை விட்டு ஒரு சமூகத்தின் மீதான விசாரணையாகத் திரும்பினால், அதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இதில் தயவு தாட்சண்யம் தேவையில்லை.

‘மனிதருக்குச் சுதந்திரம் தந்ததால்தான் தீமை வந்தது’ என்ற விடை பெரும்பாலும் முதலில் வரும். அது 2019க்கு ஓரளவு பொருந்துகிறது, 2004க்குப் பொருந்துவதில்லை. எல்லாம் வல்லவர் படைக்கக்கூடிய உலகங்களுள் இதுவே மிகச் சிறந்தது என்று ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் 1710இல் வாதிட்டிருந்தார். 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாளில், லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் கடலலையும் தீயும் அழித்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அந்த வாதத்தைக் கடுமையாகத் தாக்கினார். துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்துகிறது என்று சமய மெய்யியலாளர் ஜோன் ஹிக் 1966இல் விரித்துரைத்த விடை இன்னும் வலுவானது. ஆயினும் பக்குவப்படுவதற்குக் காலமே கிடைக்காத கைக்குழந்தையின் மரணத்தை அது எப்படி விளக்கும் என்று கேளுங்கள்.

இங்கே ஒரு பிரிப்பு அவசியம். அந்த நான்கில் கடைசி மூன்று கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று மெய்யியலாளர் மக்கீ 1955இல் வாதிட்டார். சுதந்திரமுள்ள உயிர்கள் ஒருபோதும் தவறு செய்யாத உலகைப் படைப்பது கடவுளுக்கும் இயலாமற் போகக்கூடும் என்று காட்டி, அவசியமான முரண்பாடு இல்லை என்று அமெரிக்க மெய்யியலாளர் பிளான்டிங்கா 1974இல் மறுத்தார். 1979இல் இன்னொரு அமெரிக்க மெய்யியலாளரான வில்லியம் ரோ வினாவையே மாற்றினார்: யாரும் காணாமற் காட்டுத்தீயில் வெந்து, நாட்கணக்கில் வேதனைப்பட்டு மடியும் மான்கன்றின் துன்பத்தால் எந்த நன்மையும் விளைவதாகத் தெரியவில்லை என்றால், அத்தகைய கடவுள் இருக்கிறார் என்று நம்புவது எவ்வளவு நியாயமானது? முரண்பாடு உண்டா என்பதும், சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் வெவ்வேறு வினாக்கள். விவாதம் சுற்றிச்சுற்றி வருமானால், பெரும்பாலும் இவ்விரண்டும் கலந்துவிட்டதே காரணமாக இருக்கும்.

சைவ சித்தாந்தத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அது முதற்கூற்றையே திருத்துகிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) ஆகிய மூன்றும் தோற்றமில்லாதவை. செம்பில் களிம்பு போல, உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் உயிரோடு அனாதியாகவே இருக்கிறது. இறைவன் அதைப் படைக்கவில்லை. உயிர்கள் வினையை அனுபவித்துத் தீர்த்து விடுதலை பெறுவதற்காகவே அவன் மூலப்பொருளான மாயையிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான். ஆகவே தீமையைப் படைத்தவன் என்ற குற்றச்சாட்டு அவனைச் சேர்வதில்லை. இவ்விடை முதலிரண்டு கூற்றுகளையும் சுருக்கிவிடுகிறது என்பதைச் சைவர்கள் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய விலை கன்மத்தில், அதாவது வினைக் கோட்பாட்டில், இருக்கிறது: அலையில் மூழ்கிய பிள்ளை தன் முன்வினையையே அனுபவித்தது என்று அதன் தாயிடம் சொல்ல எவருக்கேனும் துணிவுண்டா?

குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில், ஹிழ்ர் எனப்படும் இறையடியார் படகைச் சேதப்படுத்தி, ஒரு சிறுவனைக் கொன்று, காரணத்தைப் பின்னரே மூஸா நபிக்கு விளக்குகிறார். விவிலியத்தில் பெருந்துன்பத்துக்கு ஆளாகும் நல்லவரான யோபுவுக்கோ இறுதிவரை காரணம் சொல்லப்படுவதில்லை. கடவுளின் நோக்கம் நமக்கு எட்டாதது என்ற விடைக்கு இவ்விரண்டும் சிறந்த பாடங்கள். அவ்விடை மூன்றாம் கூற்றை நம் அளவைக்கு அப்பாற்படுத்துவதால், பின்னர் கடவுளை நல்லவர் என்று சொல்லும்போது நாம் எதைச் சொல்கிறோம் என்பதைக் கேட்டாக வேண்டும்.

முடிவில், தாம் எந்தக் கூற்றைத் திருத்துவர் என்பதையும் அதற்கான விலையையும் ஒவ்வொருவரும் பெயரின்றித் துண்டுத்தாளில் எழுதட்டும். அடுத்த அமர்வை அத்தாள்களோடும் யோபு 42ஆம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தோடும் தொடங்குங்கள். கடவுளைக் காப்பாற்ற வாதாடிய யோபுவின் நண்பர்களையே கடவுள் அங்கு கண்டிக்கிறார்.