பல அலைவரிசைச் செங்குத்து ஆன்டெனா: தேர்வும் நிறுவலும்

நீளக் கம்பி ஆன்டெனா கட்ட இடமில்லாத அமெச்சூர் வானொலியாளருக்கு 7, 14, 21 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் இயங்கும் செங்குத்து ஆன்டெனா நல்ல தேர்வாகும். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம், அதாவது ஆன்டெனாவுக்கு வேண்டிய உயரம், ஏறத்தாழ 10 மீட்டர். டிராப் சுருள்கள் (ஓர் அலைவரிசையின் மின்னோட்டம் அதற்கு மேல் செல்லாதபடி தடுக்க ஆன்டெனாவின் இடையில் பொருத்தும் சுருள்கள்) அந்த உயரத்தைக் குறைக்கும் என்றாலும், மிகவும் குட்டையான ஆன்டெனா அந்த அலைவரிசையின் ஒரு சிறு பகுதியில் மட்டுமே குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் ஆற்றல் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; குறைவாக இருப்பதே நல்லது) தரும்.

அடியில் விரிக்கும் ரேடியல் கம்பிகளில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தரையில் நிறுவினால், துல்லியமான நீளத்தைவிட எண்ணிக்கையே முக்கியம் என்பதால், 16 கம்பிகளையேனும் நாலாபுறமும் பரப்புங்கள். மொட்டை மாடியில் உயர்த்தி நிறுவினால், ஒவ்வோர் அலைவரிசைக்கும் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கம்பிகளையாவது, முறையே 10, 5, 3.4 மீட்டர் அளவில் வெட்டிக் கட்டுங்கள். ஒலிபரப்பும்போது அவற்றின் நுனிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும் என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது.

எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தையே தேர்ந்தெடுங்கள்; இதில் சமரசமே வேண்டாம். டிராப் ஆன்டெனாவில் அடிப்பகுதி 21 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது. அதன் நீளத்தைச் சரிசெய்த பிறகே 14, 7 என்று மேலே செல்ல வேண்டும். கோஆக்சியல் கேபிளின் இணைப்பில் மழைநீர் புகாதபடி ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.