குன்றுச் சரிவிலிருந்து உரம் தூவும் விமானத்தைப் பத்திரமாகக் கிளப்புவது எப்படி

நியூசிலாந்தின் குன்றுகளில், டிராக்டர் ஏற முடியாத மேய்ச்சல் நிலங்களுக்கு விமானத்திலிருந்துதான் உரம் தூவுகிறார்கள். 1948இல் ஒஹாகியா விமானப்படைத் தளத்தில் அவெஞ்சர் போர் விமானத்தைக் கொண்டு சோதனை நடந்தது. பிறகு ஃபிளெட்சர் போன்ற சிறு விமானங்கள் இத்தொழிலின் முதுகெலும்பாயின. ஓடுபாதை என்பது பெரும்பாலும் குன்றின் முகட்டில் உள்ள புல்தரைதான். சரிவில் ஏறும்படி தரையிறங்கி, உச்சியில் உரத்தை நிரப்பிக்கொண்டு, அதே சரிவில் கீழ்நோக்கி ஓடிக் கிளம்ப வேண்டும். ஒரே நாளில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையாதலால், காலையில் சரியாக இருந்த கணக்கு மதியத்துக்கும் செல்லும் என்று கை தானாகவே நம்பிவிடுகிறது.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்குங்கள். எடை பத்து விழுக்காடு கூடினால் கிளம்புவதற்கான தூரம் சுமார் இருபது விழுக்காடு கூடும்; கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்காற்று வீசினாலும் அதே இருபது கூடும்; புல் நனைந்திருந்தால் முப்பது வரை போகலாம். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர அமைந்தால், 400 மீட்டரில் கிளம்பிய விமானத்துக்கு ஏறத்தாழ 750 மீட்டர் தேவைப்படும். முகட்டு ஓடுபாதைகளில் அவ்வளவு நீளத்தை எதிர்பார்க்க முடியாது.

இங்கே மிகவும் அஞ்ச வேண்டியது பின்காற்றைத்தான். ஓடுபாதை ஒருவழி என்பதால், காற்று மாறினாலும் சரிவில் இறங்கியே கிளம்பலாம் என்ற எண்ணம் எழும். ஆனால் முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கச் சரிவில் கீழ்நோக்கி வழிகிறது. சக்கரம் தரையை விட்ட மறுகணமே விமானம் அந்த இறங்கு காற்றுக்குள் நுழைகிறது. எனவே காற்றுத் திசை காட்டும் துணிப்பையை உரம் ஏற்றும் இடத்தில் மட்டுமல்லாமல் ஓடுபாதையின் கீழ்முனையிலும் கட்டுங்கள். இரண்டும் வெவ்வேறு திசையைக் காட்டினால் பாரத்தைக் குறையுங்கள். கீழ்முனையில் பின்காற்று தெளிவாகத் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள்.

நாளின் முதல் பாரம் எப்போதும் குறைவாகவே இருக்கட்டும். விமானம் எந்த இடத்தில் தரையை விடுகிறது என்று பார்த்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓடுபாதையின் நடுவில், விமானியின் கண்ணில் படும்படி வெள்ளையடித்த பீப்பாய் ஒன்றை வையுங்கள். அதைக் கடக்கும்போது கிளம்பும் வேகத்தில் எழுபது விழுக்காடு வந்திருக்காவிட்டால், இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று காத்திராமல், உரத்தைக் கொட்டிவிட வேண்டும். இந்த முடிவை ஓடத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்; ஓடும்போது யோசிக்க நேரம் இராது.

நியூசிலாந்து விதிப்படி, விமானத்தின் உரத் தொட்டியில் உள்ள பாரத்தில் எண்பது விழுக்காட்டையாவது ஐந்து நொடிக்குள் கொட்ட முடிய வேண்டும். ஆனால் உரம் ஈரம் கோத்திருந்தால் கதவு திறந்தாலும் அது இறங்காது. விமானத்தில் உரம் ஏற்றும் வண்டியை இயக்கும் லோடர் ஓட்டுநர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பிடி சூப்பர் பாஸ்பேட்டை எடுத்து, உள்ளங்கையில் இறுக்கிவிட்டு விரல்களை விரித்துப் பார்க்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஏற்றலாம். விரல் தடம் பதிந்த உருண்டையாக நின்றால் அந்தக் குவியலைத் தொடக் கூடாது. சுண்ணாம்புத் தூளுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் தேவை. விமானியின் உயிர் அந்தக் கையில் இருக்கிறது என்பதால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை லோடர் ஓட்டுநருக்கு முழுமையாக இருக்க வேண்டும். அவர் சொன்ன பிறகு விமானி வாதாடக் கூடாது.

பாரம் சட்டென இறங்கும்போது பல விமானங்களில் மூக்கு மேலெழ முயலும். கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளிப் பிடித்து, இறக்கைகளைச் சமமாக வைத்து, நேராகப் பறந்து வேகம் சேருங்கள். வேகம் குறைந்த நிலையில் வளைந்தால் விமானம் மேலும் தாழ்ந்துவிடும்.

விபத்து நேர்ந்தேவிட்டால் லோடர் ஓட்டுநர் முதலில் அந்நாட்டு அவசர உதவி எண்ணான 111ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிறகு தீயணைப்பானுடன், காற்று வீசும் பக்கத்திலிருந்து நெருங்கலாம். எரிபொருள் கசிந்திருக்கக்கூடும், விமானத்தின் சுழலியை (புரொப்பல்லர்) தொடவே கூடாது. தீ அபாயம் இல்லையெனில் விமானியை இருக்கையிலேயே வைத்து, தலையும் கழுத்தும் அசையாமல் தாங்கிக்கொண்டு மீட்புக் குழுவுக்காகக் காத்திருங்கள். ஆளை மீட்பதற்கு அல்லாமல் சிதைவை நகர்த்தாதீர்கள்; கொட்டும் நெம்புகோல் எந்த நிலையில் இருந்தது, தொட்டியில் எவ்வளவு உரம் மீந்திருந்தது என்பவை விசாரணையாளர்களுக்கு அப்படியே கிடைக்க வேண்டும்.