பிக்கப் ஏசி பிரஷர் சுவிட்ச் நாமளே மாத்துறது

பழைய ஃபோர்டு எஃப்-150 மாதிரி பிக்கப்ல கம்ப்ரஸர் கிளட்ச் (இன்ஜின் பெல்ட்டோட கம்ப்ரஸரை சேர்க்குற பாகம்) ஒட்டவே இல்லன்னா உடனே சுவிட்ச் வாங்க ஓடாதீங்க, முதல்ல கேஜ் (பிரஷர் பாக்குற மீட்டர்) போட்டு ஏசி கேஸ் இருக்கான்னு பாருங்க, ஏன்னா கேஸ் கம்மியானா கிளட்சை கட் பண்றதுதான் அந்த லோ பிரஷர் சுவிட்சோட வேலையே. பாதி பேரு இங்கதான் காசை விடுறாங்க.

கேஸ் சரியா இருக்கா? அக்யூமுலேட்டர்னு அலுமினிய டப்பா ஒண்ணு இருக்கும், சுவிட்ச் அதுமேலதான் உட்கார்ந்திருக்கும். கனெக்டரை கழட்டி, வயர் பக்கம் இருக்குற கனெக்டரோட ரெண்டு பின்னையும் சின்ன வயரால இணைச்சுட்டு இன்ஜின், ஏசி ரெண்டையும் ஆன் பண்ணுங்க. டக்குனு கிளட்ச் ஒட்டுச்சுன்னா சுவிட்ச்தான் போச்சு. சில செகண்ட் போதும், அப்படியே ஓட்டாதீங்க, கேஸ் இல்லாம கம்ப்ரஸர் ஓடுனா ஆயில் போகாம ஜாம் ஆயிடும்.

மாத்தும்போது இன்ஜின் ஆஃப், பாதுகாப்பு கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம், ஏசி கேஸ் லிக்விடா கைல பட்டா தோலு உறைஞ்சு போயிடும். இந்த மாடல்ல சுவிட்சுக்கு அடியில, டயர் டியூப்ல இருக்குற மாதிரியே ஒரு வால்வு இருக்கு, அதனால கேஸை இறக்க வேண்டியதில்ல. சுவிட்சை மெதுவா திருகி கழட்டுனா லேசா புஸ்ஸுனு வந்து நின்னுடும். நிக்காம அடிச்சா திரும்ப டைட் பண்ணிட்டு மெக்கானிக்கை கூப்பிடுங்க. பழைய ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) தூக்கி போட்டுட்டு புதுசுல ஏசி ஆயில் தடவி மாட்டுங்க. சுவிட்ச் பிளாஸ்டிக், கையால டைட் பண்ணா போதும். கடைசியா சோப்பு தண்ணி விட்டு குமிழ் வருதான்னு பாத்துக்கோங்க.