லாரிக்கு அலுமினிய ரிம் போடும்போது நட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்குக்கு ஓடும் லாரிகளில், ரிம்மின் எடை குறைகிற அளவுக்குச் சரக்கைக் கூடுதலாக ஏற்றலாம். அதற்காகத்தான் பலர் அலுமினியத்துக்கு மாறுகிறார்கள். பழைய நட்டு மரையில் சரியாக ஏறுகிறதே என்று அதையே போட்டுவிடுவதில்தான் ஆபத்து.

ரிம் எதைக் கொண்டு மையம் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். இன்றைய லாரிகள் பெரும்பாலும் ஹப்பின் (அச்சின் நுனியில் சக்கரம் மாட்டும் பகுதி) விளிம்பில் ரிம்மை உட்காரவைப்பவை. இவற்றுக்கு அடி தட்டையான, வாஷரோடு சேர்ந்த எம்22×1.5 (22 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி) நட்டு வேண்டும். அந்த வாஷர் கையால் சுற்றினாலே தாராளமாகச் சுழல வேண்டும். சிக்கினால் நட்டைத் தூக்கிப் போடுங்கள். பழைய வகை ரிம்மில் துளையின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும். அதற்கு உருண்டை அடி கொண்ட நட்டுதான் பொருந்தும். இரண்டையும் மாற்றிப் போட்டால் நட்டு ஓரத்தில் மட்டும் தொட்டு, அலுமினியத்தை நசுக்கி, தானே தளர்ந்துவிடும்.

அடுத்தது ஸ்டட்டின், அதாவது நட்டு ஏறும் மரைக்கம்பியின் நீளம். அலுமினிய ரிம்மின் நடுத்தட்டு இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு தடிமன். பிரேக் டிரம்மின் முகத்திலிருந்து ஸ்டட் 48 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். 12 மி.மீ. இரும்பு ரிம் போனால் மீதி 36, 27 மி.மீ. உயர நட்டுக்கு அது தாராளம். 24 மி.மீ. அலுமினியம் வந்தால் மீதியும் 24தான், 3 மி.மீ. போதவில்லை. ஸ்டட்டின் நுனி நட்டின் முகத்தோடு சமமாகவாவது வர வேண்டும். பின்சக்கரத்தில் இரட்டை ரிம் என்பதால் கூடுகிற தடிமனும் இரட்டிப்பாகும். நீளமான ஸ்டட் மாற்றுவதே நல்ல வழி. மாற்ற முடியாவிட்டால், துளைக்குள் இறங்கும் குழாய்க் கழுத்து கொண்ட ஸ்லீவ் நட்டு இருக்கிறது. ஆனால் அதற்கென்று பெரிய துளையோடு செய்த ரிம்மில் மட்டும்தான் அதைப் போடலாம். சாதாரணத் துளையை ட்ரில் போட்டுப் பெரிதாக்கவே கூடாது.

ரிம்மைத் தொடும் பக்கத்தில் குரோம் பூசிய நட்டை வாங்காதீர்கள். அழகு வேண்டுமென்றால் மேலே மூடி மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டும்போது ரிம், டிரம் முகங்களில் பெயிண்ட், துரு, மணல் ஒன்றும் இருக்கக் கூடாது. ஸ்டட் நுனி மரையில் இரண்டு சொட்டு, நட்டுக்கும் வாஷருக்கும் நடுவில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் போதும். ரிம் முகத்தில் படவிடாதீர்கள். பத்து நட்டுகளையும் எதிரெதிராக மாற்றி மாற்றி, முதலில் 70 நியூட்டன் மீட்டர் அளவில் லேசாகப் பிடியுங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 610 முதல் 680 வரை ஏற்றுங்கள். உங்கள் லாரியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னால் கடைசி இறுக்கம் வேண்டாம். எவ்வளவு ஏறியது என்று அதில் தெரியாது.

80 முதல் 160 கி.மீ.க்குள் மறுபடி சோதிக்க வேண்டும். டர்பனிலிருந்து கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அதற்குச் சரியான இடம். சக்கரம் ஆறிய பிறகுதான் ரெஞ்சை வையுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், அளவு பொய் சொல்லும். வான் ரீனன் கணவாயில் பிரேக் பிடித்து இறங்கிய கையோடு சோதிப்பதும் அதனால்தான் கூடாது. ஒரே நட்டு இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால் மேலும் இறுக்காமல் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டட்டையும் ரிம்மின் முகத்தையும் பாருங்கள்.