பிலாட்டிஸ் வகுப்பு: எந்த லெவலில் சேருவது?

"தினமும் நடக்கிறேன், ஜிம்முக்கும் போகிறேன். நேரே லெவல் 2-ல் சேர்ந்தால் என்ன?" வயிறு, இடுப்பு, முதுகை மூச்சோடு சேர்த்து வலுப்படுத்தும் பிலாட்டிஸ் பயிற்சிக்குப் புதிதாகச் சேர வருபவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் மரம் மரமாகக் குனிந்து பால் வெட்டுபவரானாலும் சரி, தூத்தூர் பக்கம் பந்து விளையாடும் பையனானாலும் சரி, முதல் லெவல்தான். இந்தப் பயிற்சியை உருவாக்கிய, ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் 1920-களில் நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் திறந்த பிறகு, அவரைத் தேடிப் போனவர்களில் நடனக் கலைஞர்கள் நிறைய. உடம்பில் வலு இருந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் வலுவை வைத்தல்ல, வயிறு, இடுப்பு, முதுகு மூன்றையும் மூச்சோடு சேர்த்து அடக்கி ஆளத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் இங்கே லெவல் வருகிறது.

1. முதலில் உடம்பின் கணக்கு

டிஸ்க் பிரச்சினை, குடலிறக்கம், ரத்த அழுத்தம், பழைய எலும்பு முறிவு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இடுப்புப் பிடிப்புக்கு வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) முதுகை முன்னால் சுருட்டி எழும் பயிற்சிகள் ஆகாது. பிலாட்டிஸில் அந்த வகை நிறைய உண்டு. கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு, அவர்களுக்கென்றே நடக்கும் வகுப்பில் சேருவதுதான் நல்லது.

2. தரையில் ஒரு சோதனை

நம் வீட்டு மொசைக் தரையில் வெறும் யோகா மேட் போதாது, முதுகெலும்பு உறுத்தும். மேலே ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். கோரைப்பாய் வழுக்கும், அது வேண்டாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதம் இரண்டையும் தரையில் வையுங்கள். இடுப்புக்குப் பின்னால் சின்ன இடைவெளி இருக்கும். அதற்குள் ஒரு உள்ளங்கையை நுழைத்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி ஒரு காலை மட்டும், முழங்கால் இடுப்புக்கு நேர் மேலே வரும்வரை தூக்குங்கள். இறக்கிவிட்டு மறு காலையும் அப்படியே. அப்புறம் ஒரு கால் மேலே நிற்க, மற்றதையும் தூக்கிச் சேருங்கள்.

கவனிக்க வேண்டியது கையைத்தான். முதுகு கையை விட்டு மேலே வளைந்து போனால், அல்லது நடுவயிறு கூம்பு மாதிரி புடைத்தால், முதல் லெவல், சந்தேகமே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு சமாளித்தாலும் அதே பதில்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. மூன்றும் இல்லாமல் நிதானமாக வந்தாலும் முதல் லெவலில்தான் தொடங்க வேண்டும், சீக்கிரம் மேலே போய்விடலாம். வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. வகுப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஃபவுண்டேஷன், பிகினர், லெவல் 1 எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். 'ஆல் லெவல்ஸ்' என்று போட்டிருந்தால் புதியவர்கள் தள்ளி நிற்பது நல்லது. பத்துப் பேர் வேகமாகச் செய்யும்போது பதினொன்றாவது ஆள் கழுத்தை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடுவார்.

சில வகுப்புகளின் பெயரில் வரும் ரிஃபார்மர் என்பது ஒரு பிலாட்டிஸ் கருவி, ஸ்பிரிங் பூட்டிய நகரும் பலகை. ஸ்பிரிங்கைக் குறைத்தால் எளிது என்று நினைப்போம். சில பயிற்சிகளில் தலைகீழ்: தாங்கிப் பிடிப்பது குறைவதால் உடம்புக்கு வேலை கூடும். ஆகவே ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள்.

4. ஆசிரியரிடம் கேளுங்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நேரில் வகுப்பு அமைந்தால் பாதி கவலை தீர்ந்தது. ஆன்லைன் என்றால் ஒரே கேள்வி: "கேமராவில் என்னைப் பார்த்துத் திருத்துவீர்களா?" பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். போனைத் தலைமாட்டில் வைக்காமல் பக்கவாட்டில் தரையோடு வையுங்கள், அப்போதுதான் முதுகின் வளைவு அவருக்குத் தெரியும்.

5. எப்போது லெவல் 2?

'ஹண்ட்ரட்' என்ற பயிற்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டு, கையை மேலும் கீழும் தட்ட வேண்டும். பத்துச் சுற்றில் நூறு. தொடக்கத்தில் தலையும் பாதமும் தரையில். அடுத்து தலையைத் தூக்கி, மடக்கிய கால்களையும் தூக்கிச் செய்வது. காலை நீட்டித் தாழ்த்துவதெல்லாம் அதற்கப்புறம்.

நடுக்கட்டத்தை நூறு எண்ணி முடித்ததும் கழுத்து வலிக்காமல் வயிறு மட்டும் களைத்திருக்கிறதா? படுத்த நிலையிலிருந்து, வெடுக்கென்று எழாமல், பாதம் தரையை விட்டுக் கிளம்பாமல் மெதுவாகச் சுருண்டு உட்கார முடிகிறதா? சரி, ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வாரத்தில் ஒரு வகுப்பை மட்டும் லெவல் 2-க்கு மாற்றுங்கள். மற்றவை பழையபடியே ஓடட்டும். கழுத்தோ இடுப்போ முனகினால் அந்த ஒன்றையும் திரும்ப லெவல் 1-க்கே மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான்.