சிங்கப்பூர்ல பிள்ளைய வீட்லயே படிக்க வைக்கணுமா? சட்டப்படி என்ன செய்யணும்னு பாத்துக்கோங்க

மொதல்ல ஒன்னு மனசுல வச்சுக்கோங்க, இங்க ஹோம்ஸ்கூலிங்குக்கு தடை கிடையாது, ஆனா நாமளா முடிவு பண்ணி நாளைலேர்ந்து பிள்ளைய வீட்ல வச்சுக்கவும் முடியாது. பிள்ளை ஸ்கூலுக்கு போகாம இருக்க கல்வி அமைச்சுகிட்ட விலக்கு கேக்கணும், அவங்க குடுத்தப்புறம்தான் ஆரம்பிக்கணும். அதனால எல்லாமே நீங்க அனுப்புற விண்ணப்பத்துலதான் இருக்கு, அத எவ்ளோ சீக்கிரம் தயார் பண்ண ஆரம்பிக்கிறீங்களோ அவ்ளோ நல்லது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2000ல நிறைவேறுச்சு, 2003 ஜனவரி 1லேர்ந்து நடப்புல இருக்கு. 6 வயசுக்கு மேல 15 வயசுக்குள்ள இருக்குற, சிங்கப்பூர்லயே வசிக்கிற சிங்கப்பூர் குடிமக்கள் பிள்ளைங்க எல்லாரும் தேசிய தொடக்கப்பள்ளிக்கு ஒழுங்கா போகணும்னு சொல்லுது. விலக்கு இல்லாம வீட்ல வச்சிருந்தா பெத்தவங்க மேலதான் குத்தம், 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 12 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே சேர்ந்தும் வரலாம்.

நம்ம ஆளுங்க ரொம்ப குழப்பிக்கிறது இங்கதான். பிள்ளை பிஆரா (நிரந்தரவாசியா) இருந்தாலோ, அப்பா அம்மா வேலை பாஸ்ல வந்து பிள்ளை டிபெண்டன்ட் பாஸ்ல இருந்தாலோ இந்தச் சட்டம் அந்தப் பிள்ளைக்கு பொருந்தாது. அப்பா அம்மா என்ன பாஸ்ல இருக்காங்கன்றது இல்ல, பிள்ளையோட குடியுரிமைதான் கணக்கு. அதனால இப்ப பிஆர்தானேன்னு வீட்ல சொல்லிக் குடுத்துட்டு இருக்குறவங்க, நடுவுல பிள்ளைக்கு சிட்டிசன்ஷிப் வாங்குனா சட்டமும் கூடவே வந்துடும்னு ஞாபகம் வச்சுக்கோங்க, குடியுரிமைக்கு போடுறதுக்கு முன்னாடியே கல்வி அமைச்சுகிட்ட பேசிடுங்க. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைங்க இருக்குற வீடுன்னா, 2019லேர்ந்து அவங்களும் இந்தச் சட்டத்துக்குள்ள வந்துட்டாங்க, அதனால அவங்களுக்கும் விலக்கு கேட்டுத்தான் ஆகணும்.

எப்ப ஆரம்பிக்கிறது? பிள்ளைக்கு 7 வயசு ஆகுற வருஷம் பிரைமரி ஒன், அதுக்கு பதிவு முந்துன வருஷ நடுவுலயே நடந்துடும், அதாவது பிள்ளை கே2 (பாலர் பள்ளி ரெண்டாவது வருஷம்) படிக்கும்போதே. அந்தப் பதிவு தொறக்குறதுக்கு முன்னாடியே அமைச்சோட கட்டாயக் கல்விப் பிரிவுக்கு எழுதி, நாங்க வீட்ல படிக்க வைக்கப் போறோம், என்ன பாரம் நெரப்பணும், பதிவு விஷயத்துல நாங்க என்ன செய்யணும்னு கேளுங்க, அவங்க எழுதுற பதில்படி நடங்க. பதிவ கண்டுக்காம விட்டுடாதீங்க. ஏற்கனவே ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைன்னாலும் இதேதான், விலக்குக் கடிதம் கைக்கு வர்ற வரைக்கும் பிள்ளை ஸ்கூலுக்கு போய்ட்டே இருக்கணும், கோவத்துல பாதியில நிறுத்திடாதீங்க.

விண்ணப்பத்துல சொல்லிக் குடுக்கப் போறவங்களோட படிப்பு சான்றிதழ், வேலை அனுபவம் எல்லாம் கேப்பாங்க, ஏன் வீட்ல படிக்க வைக்கணும்னு காரணம் எழுதணும். ஆனா எல்லாத்தயும் விட முக்கியம் பாடத்திட்டம்தான். இங்கிலீஷ், தாய்மொழி, கணக்கு, அறிவியல், கூடவே குடியியல், இத்தனையும் எப்படி சொல்லிக் குடுப்பீங்கன்னு விவரமா காட்டணும். நெட்ல கெடைக்கிற அமெரிக்கா பாடத்திட்டத்த அப்படியே ஒட்டி அனுப்புறது வேலைக்கு ஆகாது. அமைச்சோட வெப்சைட்ல தொடக்கநிலை பாடத்திட்டம் சும்மாவே கெடைக்குது, அத எடுத்து வச்சுக்கிட்டு உங்க பிளான எழுதுங்க. "கணக்கு நல்லா சொல்லித் தருவோம்"னு ஒரு வரி எழுதுனா யாருக்கும் ஒன்னும் புரியாது. "பிரைமரி டூ, மூணாவது டெர்ம், பின்னம்: தோசைய நாலா எட்டா வெட்டி அரை, கால், அரைக்கால் பாக்குறது, அப்புறம் பேப்பர்ல படம் வரையுறது, அப்புறம் பயிற்சிப் புத்தகம், வெள்ளிக்கிழமை ஒரு சின்ன டெஸ்ட்"னு எழுதிப் பாருங்க, படிக்கிறவங்களுக்கு இந்த வீட்ல நெஜமாவே பாடம் நடக்கும்னு தெரியும். டைம்டேபிளும் அதே மாதிரி எழுதுங்க, எத்தன மணிக்கு எந்தப் பாடம், அம்மா எது சொல்லிக் குடுப்பாங்க, அப்பா எது, தம்பி பாப்பா வீட்ல இருந்தா அந்த நேரம் யாரு பாத்துப்பாங்க, எல்லாம்.

விலக்கு கெடைச்சதும் வேலை முடியல. வருஷா வருஷம் முன்னேற்ற அறிக்கை அனுப்பணும், அமைச்சு அதிகாரிங்க வீட்டுக்கு வந்து பாக்கலாம். அதுக்கு பயப்படத் தேவையில்ல, பிள்ளை எழுதுன நோட்டு, வரைஞ்ச படம், படிச்ச புத்தகத்தோட லிஸ்ட் எல்லாத்துலயும் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வச்சுட்டு வந்தாலே போதும். பிஎஸ்எல்இக்கு (தொடக்கப்பள்ளி முடியும்போது எழுதுற தேசியத் தேர்வு) முன்னாடி தேசியக் கல்வி வினாவிடைன்னு ஒன்னு இருக்கு, அதுவும் எழுதணும்.

இப்ப பெரிய விஷயம், பிஎஸ்எல்இ. வீட்ல படிக்கிற பிள்ளையும் அத எழுதித்தான் ஆகணும், வெறும் பாஸ் பத்தாது. அந்த வருஷம் தேசியப் பள்ளிகள்ல நாலு ஸ்டாண்டர்ட் பாடம் (இங்கிலீஷ், தாய்மொழி, கணக்கு, அறிவியல், வழக்கமான நிலையில) எழுதுன பிள்ளைங்கள்ல 33வது பெர்சென்டைல்னு ஒரு அளவுகோல் இருக்கு, அத எட்டணும். அதாவது மார்க்குப்படி 100 பிள்ளைங்கள கடைசிலேர்ந்து வரிசையா நிக்க வச்சா 33வது பிள்ளை நிக்கிற எடமாவது வரணும். 2021லேர்ந்து ஏஎல்னு (அடைவுநிலை) மதிப்பெண் முறை, நாலு பாடமும் சேர்த்துத்தான் மொத்தம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஏஎல்1லேர்ந்து ஏஎல்8 வரைக்கும், ஏஎல்1தான் ஒசத்தி. நாலுல தமிழும் ஒன்னு, கணக்குக்கு எவ்ளோ எடையோ தமிழுக்கும் அதே எடை. அதனாலதான் நான் யாரு கேட்டாலும் தமிழ பிரைமரி ஃபைவ்க்கு தள்ளி வைக்காதீங்கன்னு சொல்றேன். இங்கிலீஷ்லயே நாள் பூரா ஓடுற வீட்ல இதுதான் சத்தமில்லாம கீழ இழுக்கும். தேர்வுல வாய்மொழி இருக்கு, வாசிக்கணும், ஒரு வீடியோ பாத்துட்டு அதப் பத்தி பேசணும். ஸ்கூல் பிள்ளைக்கு டீச்சரும் கூட்டாளிங்களும் இருக்காங்க, உங்க பிள்ளைக்கு நீங்கதான் ஆள் தேடிக் குடுக்கணும். தேக்கா மார்க்கெட்ல காய் வாங்கும்போது "அங்கிள், முருங்கைக்காய் ஒரு கட்டு எவ்ளோ?"ன்னு பிள்ளைய கேக்க விடுங்க, சாயங்காலம் பாட்டியோட போன்ல இன்னைக்கு என்ன பாத்தேன்னு பேச விடுங்க, நூலகத்துல தமிழ்ப் புத்தகம் எடுத்து சத்தமா வாசிக்க விடுங்க. பாடநூலும் பயிற்சிப் புத்தகமும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல கெடைக்கும்.

பணத்துல ஒரு சின்ன ஆறுதல், 2014லேர்ந்து வீட்ல படிக்கிற சிங்கப்பூர் பிள்ளைங்களுக்கும் எடுசேவ்னு அரசாங்கம் வச்சிருக்குற கல்விக் கணக்குல வருஷா வருஷம் பணம் போடுறாங்க.

பிஎஸ்எல்இ முடிஞ்சப்புறம் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம், வீட்லயே தொடரவும் செய்யலாம். தொடர்ந்தா அடுத்த பெரிய தேர்வ பிரைவேட் கேண்டிடேட்டா (ஸ்கூல் மூலமா இல்லாம தனியா பதிஞ்சு) எழுதணும். 2027லேர்ந்து உயர்நிலை முடிவுத் தேர்வான ஓ லெவலுக்கும் என் லெவலுக்கும் பதிலா எஸ்இசின்னு (உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) ஒரே சான்றிதழ் வருது, அதனால இப்ப சின்ன பிள்ளை வச்சிருக்குறவங்க பழைய ஓ லெவல் நோட்ஸ வாங்கி அடுக்க வேணாம்.