புயலில் கூரை சேதமடைந்தால்: அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

அமெரிக்காவின் புயல் தாக்கும் தென்கிழக்கு மாநிலங்களில் பல வீடுகளின் கூரை, மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்து, அதன் மேல் ஷிங்கிள் எனப்படும் தார் பூசிய தகடுகளைப் பதித்து அமைக்கப்படுகிறது. கான்கிரீட் தளத்துக்குப் பழகிய நமக்குச் சில ஷிங்கிள்கள் பறந்துபோவது சிறிய சேதமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இடைவெளியில் இறங்கும் மழைநீர், கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் என்னும் இடைவெளி அறையையும் அதன் கீழுள்ள உட்கூரையையும் ஊறவைத்துவிடும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். நிரந்தரப் பழுதுபார்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால், தற்காலிகமாக மூடுவதே முதல் வேலை.

மூடுவதற்கு முன் எல்லாச் சேதத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் சேதம் ஏறாமல் காப்பது வீட்டுக்காரரின் கடமை என்று காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாகக் கூறுகின்றன. தார்ப்பாய்க்கும் கூலிக்கும் ஆன ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். புயலுக்கான டிடக்டிபிள், அதாவது காப்பீடு தருவதற்கு முன் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை, பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இருக்கும்: 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் உங்கள் பொறுப்பு.

தார்ப்பாயின் மேல் விளிம்பு கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறங்க வேண்டும். ஓட்டைக்குச் சற்று மேலே நின்றுவிட்டால், வழிந்து வரும் நீர் பாய்க்கு அடியில் புகுந்துவிடும். பாயின் விளிம்புகளை நீண்ட மரக்கட்டைகளில் சுற்றி, அவற்றைக் கூரையோடு திருகாணியால் இறுக்க வேண்டும். செங்கல் வைத்தால் காற்றில் அதுவே விழுந்து ஆளைக் காயப்படுத்தும். ஈரக்கூரையில் நீங்களே ஏற வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரும் புயல்களுக்குப் பின், மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவுக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை ‘ஆபரேஷன் புளூ ரூஃப்’ திட்டத்தை நடத்துகிறது. 2021இல் ஐடா புயலுக்குப் பின் லூசியானாவிலும், 2022இல் இயன் புயலுக்குப் பின் ஃபுளோரிடாவிலும் இது செயல்பட்டது. அறிவிக்கப்பட்ட மாவட்டங்களில், நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கூரையை நார் வலுவூட்டிய நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்பால் இலவசமாக மூடித் தருவார்கள். அதற்கு ‘ரைட் ஆஃப் என்ட்ரி’ என்னும் அனுமதிப் படிவத்தில் நீங்கள் கையொப்பமிட வேண்டும். எல்லா வகைக் கூரைகளும் இதற்குத் தகுதி பெறுவதில்லை. இத்திட்டத்தின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஃபெமாவின் பண உதவி இதிலிருந்து வேறானது. எச்-1பி விசாவில் இருப்பவர் தம் பெயரில் அதைப் பெற முடியாது. ஆனால் உடன் வசிக்கும் பிள்ளை அமெரிக்கக் குடியுரிமையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் உடைய சிறாராக இருந்தால், அப்பிள்ளையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம்.